அடுத்தவர் கைக்கு எப்படிப் போகிறது? கடற்கரை வேலைக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் ஒரு பக்கமும், தேவிபட்டினம், தொண்டி மறுபக்கமும், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் தெற்கேயுமாக நீளும் நம் கடற்கரையில், மீன் கம்பெனிகளிலும் ஐஸ் ஆலைகளிலும் கடல்பாசிக் குழுக்களிலும் யாத்ரீகர் விடுதிகளிலும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பலர் வேலைக்குச் சேருகிறார்கள். மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்த்து, இப்போது புதியவர்களுக்கு வேலை பழக்கும் பொறுப்பில் இருக்கிறேன். முதல் நாளே அவர்களிடம் சொல்ல நினைத்து, சத்தத்திலும் அவசரத்திலும் சொல்ல முடியாமல் போகிறவற்றை இங்கே எழுதுகிறேன்.

வேலையில் மதிப்பைக் கூட்ட வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கும்; மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கொட்டகையில் நிற்கும்போது எதைச் செய்வது என்று தெரியாது. நான் அதைப் புரிந்துகொண்ட விதம் எளிமையானது. உங்கள் கையிலிருந்து ஒரு பெட்டியோ, ஒரு கணக்குச் சிட்டையோ, ஒரு தகவலோ அடுத்தவர் கைக்குப் போகிறது. அங்கே அது போய்ச் சேரும்போது அவர் அதை மறுபடி சரிசெய்ய வேண்டியதில்லை, அதன் விலை வழியில் குறைந்துபோகவும் இல்லை என்றால், நீங்கள் மதிப்பை உண்டாக்கியிருக்கிறீர்கள். இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் போடும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டது. ஐஸ் செலவு கூடிக்கொண்டே போகிறது என்று முதலாளி வருத்தப்படுவதைக் கேட்டுக் கேட்டு, நானாகவே பெட்டிக்குப் போடும் ஐஸைக் குறைத்தேன். நாளொன்றுக்கு இரண்டு பார் ஐஸ், அதாவது இரண்டு பெரிய ஐஸ் கட்டி, மிச்சமானது. முதலாளியும் தட்டிக்கொடுத்தார், எனக்கும் பெருமையாக இருந்தது. இரண்டாவது வாரம் தூத்துக்குடிக்குப் போன சரக்கில் ஒரு பகுதிக்கு விலையை வெட்டிவிட்டதாகத் தகவல் வந்தது. அடுத்த வண்டியில் எங்கள் மூத்த மேற்பார்வையாளர் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்ததும் ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலே இருந்த விளமீன்கள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. நடு அடுக்குக்குக் கையை விட்டு ஒரு மீனை எடுத்தேன். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பு மாறிப் பழுப்பேறியிருந்தது. கண் உள்ளே இறங்கியிருந்தது. வயிற்றில் கட்டைவிரலால் அழுத்தினால் விழுந்த குழி திரும்ப எழவில்லை. அவர் சத்தம் போடவில்லை. "தம்பி, நீ மிச்சம் பிடிச்ச ரெண்டு பார் ஐஸும் இந்தப் பெட்டிக்குள்ளதான் இருந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அவரே கணக்கையும் விளக்கினார். நம் ஊர் வெயிலில் முப்பது டிகிரிச் சூட்டில் வரும் ஒரு கிலோ மீனைப் பூஜ்ய டிகிரிக்குக் கொண்டுவருவதற்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிலோ ஐஸ் உருகிவிடும். மீதி ஐஸ், வழியெல்லாம் வெளியிலிருந்து பெட்டிக்குள் ஏறும் சூட்டைத் தாங்குவதற்காக. ஆகவே மீனின் எடைக்குச் சம எடை ஐஸ் என்பது நம் பக்கத்துக்குப் பொருத்தமான அளவு. அடியில் ஐஸ், அதன் மேல் மீன், மறுபடி ஐஸ், மறுபடி மீன், உச்சியில் ஐஸ் என்று அடுக்க வேண்டும். ஐஸை நொறுக்கிப் போட வேண்டும். உருகிய நீர் வடிவதற்குப் பெட்டியின் அடித்துளை அடைபடாமல் இருக்க வேண்டும். பிடித்த பிறகு மீனின் தரத்தை யாராலும் கூட்ட முடியாது, காப்பாற்றத்தான் முடியும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். என் மேசையில் மிச்சமாகத் தெரிந்தது, மூன்று மணி நேரத்துக்கும் அதிகமான பயணத்துக்கு அப்பால் இழப்பாக விடிந்திருந்தது. அந்த இழப்பு கண்ணில் படாத தூரத்தில் இருந்ததால்தான் நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு வாரம்: பொருளோடு நடந்து பாருங்கள்

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை, நீங்கள் தொடும் பொருள் உங்களிடம் வருவதற்கு முன் எங்கே இருந்தது, உங்களை விட்டுப் போன பின் எங்கே போகிறது என்று நேரில் பார்ப்பது. மீன் கம்பெனியில் சேர்ந்திருந்தால், மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டு, ஒரு நாள் படகிலிருந்து சரக்கு இறங்கும் இடத்துக்கும், ஒரு நாள் ஏலம் நடக்கும் இடத்துக்கும், ஒரு நாள் எடை போடும் இடத்துக்கும், முடிந்தால் ஒரே ஒரு முறை சரக்கு போய்ச் சேரும் ஊருக்கும் போய் வாருங்கள். ஏலத்தில் ஒரு கூடையின் விலை எதைப் பார்த்து ஏறுகிறது, எதைப் பார்த்து இறங்குகிறது என்று கவனியுங்கள். அரை மணி நேரம் நின்றால் போதும். ஆறு மாதப் பாடம் அங்கே இருக்கிறது.

இதற்கு நேரம் பார்க்கத் தெரிய வேண்டும். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. அவை திரும்பி வரும் காலையில் கொட்டகையில் யாரிடமும் எதையும் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் கேள்வி கேட்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இடைஞ்சல்தான். சரக்கு ஏறி, தரையைக் கழுவி, தேநீர் வந்த பிறகு கேளுங்கள். அப்போது எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள்.

அடுத்தவரிடம் ஒரே ஒரு கேள்வி

"என் வேலையில் ஏதாவது குறை இருக்கிறதா?" என்று கேட்டால், முகத்துக்கு நேரே குறை சொல்ல மனமில்லாமல் "ஒண்ணுமில்ல தம்பி, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: "என்னிடமிருந்து வருவதில் நீங்கள் மறுபடி செய்ய வேண்டியிருப்பது எது?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது, அது ஆளைக் குறை சொல்வதாகாது, வேலையைப் பற்றிய பேச்சாகிவிடும்.

எங்கள் கொட்டகையில் ஒரு புதிய பையன் இறால் தலை நீக்கும் மேசையில் இருந்த அக்காவிடம் இதைக் கேட்டான். "நீங்க பிரிச்சு அனுப்புற இறால நாங்க ரெண்டாவது தடவ பிரிக்கிறோம்பா. அதுக்குள்ள ஐஸ் இல்லாம மேசையிலயே கெடக்குது" என்றார் அவர். இறாலுக்கு விலை, கிலோவுக்கு எத்தனை என்ற எண்ணிக்கையைப் பொறுத்தது. கிலோவுக்கு 20 நிற்கும் இறாலுக்கும் 40 நிற்கும் இறாலுக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. பெரிய இறால் நடுவே சிறியது கலந்திருந்தால் வாங்குபவர் பெட்டி முழுவதையும் கீழ் ரகமாகவே எடுத்துக்கொள்வார். பையன்கள் வேகமாகத்தான் பிரித்தார்கள். ஆனால் காலையில் இருந்த கண்ணளவு பத்து மணிக்குள் தளர்ந்துபோனது. அவன் செய்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு ரகத்திலும் எல்லையில் நிற்கும் இறால் இரண்டிரண்டு எடுத்து, ஒரு தட்டில் ஐஸ் மேல் வரிசையாக வைத்து, பிரிப்பவர்கள் நடுவே வைத்தான். சந்தேகம் வந்தால் தட்டைப் பார்த்துக்கொள்ளலாம். மேசையில் இரண்டாவது முறை பிரிக்கும் வேலை பெருமளவு நின்றது. அவன் இதைச் செய்தபோது வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சேதாரக் குறிப்பேடு

மூன்றாவதாக, ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்; பேனா வேண்டாம், ஈரக் கையில் மை ஓடிவிடும், பென்சில்தான் நிற்கும். என்ன நாள், எது வீணானது, ஏறக்குறைய எவ்வளவு, எந்த இடத்தில் என்ற நான்கு விவரங்களை மட்டும் எழுதுங்கள். யாரால் என்று எழுதாதீர்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஆட்களின் பெயர் எழுதப்பட்ட குறிப்பேடு ஒரு நாள் யார் கண்ணிலாவது படும், அன்றோடு உங்களிடம் உண்மை பேச ஒருவரும் இருக்க மாட்டார்கள். இரண்டு வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், ஏதோ ஒன்று மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதுவே நீங்கள் கைவைக்க வேண்டிய இடம்.

சேதாரம் என்றால் பொருள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். எடைச் சிட்டையில் எண் புரியாமல் கணக்கர் கீழே இறங்கி வந்து கேட்பதும், வண்டி வந்து நின்ற பிறகு பெட்டிக்கு மூடி தேடுவதும் சேதாரமே.

உங்கள் கைக்குள் அடங்கும் ஒன்றை மாற்றுங்கள்

புதியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பட்டியல் கையில் இருக்கிறது, உற்சாகம் இருக்கிறது. உடனே முதலாளியிடம் போய்ப் பத்து மாற்றங்களைச் சொல்லிவிடுவார்கள். அவற்றில் எட்டு, வேறு ஒருவர் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையைப் பற்றியதாக இருக்கும். அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் சொந்த வேலைக்குள் அடங்குவதாக, செலவு அதிகம் கேட்காததாக, ஒரு வாரத்தில் பலன் தெரிவதாக ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லி, "ஒரு வாரம் இப்படிச் செய்து பார்க்கிறேன், சரிவராவிட்டால் பழையபடி மாற்றிவிடுகிறேன்" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் மறுப்பவர் குறைவு.

பாம்பன் பக்கம் கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். மூங்கில் மிதவைகளில் கயிறு கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி ஏறக்குறைய 45 நாளில் அறுவடைக்கு வரும். பத்து கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ அளவுக்குத்தான் நிற்கும். அந்த ஒரு கிலோவிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருள்தான் பற்பசைக்கும் ஐஸ்கிரீமுக்கும் போகிறது. அந்தக் குழுவினர் பாசியைக் கடற்கரை மணலிலேயே பரப்பிக் காயவைத்தார்கள். ஈரப்பாசியில் மணல் அப்பிக்கொள்ளும். வியாபாரி ஒரு பிடி எடுத்து உதறிப் பார்த்து, மணலுக்கென்று எடையில் கழித்துவிடுவார். கழிவு எப்போதும் உண்மையான மணலைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பது அவர்கள் மனக்குறை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், வீட்டில் கிடந்த பழைய வலையை நான்கு கம்புகளுக்கு இடையே இடுப்புயரத்தில் இழுத்துக் கட்டித் தன் பங்குப் பாசியை அதில் பரப்பினார். கீழிருந்தும் காற்றுப் பட்டதால் பாசி சீக்கிரம் காய்ந்தது. கையில் எடுத்து உதறினால் ஒன்றும் விழவில்லை. வியாபாரிக்குக் கழிப்பதற்குக் காரணம் இல்லாமல் போனது. அடுத்த அறுவடைக்குள் குழுவில் எல்லோரும் பழைய வலை தேட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். தன் பங்கில் செய்துகாட்டினார்.

விடுதி வேலைக்கு வருபவர்களுக்கும் இதே வழிதான். ராமேஸ்வரம் வரும் யாத்ரீகர், அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈர உடையை மாற்றிக்கொண்டு சுவாமி தரிசனம் செய்து, அறைக்குத் திரும்பும்போது கையில் ஒரு மூட்டை ஈரத்துணி இருக்கும். அடுத்த ஊருக்கான ரயில் அன்று மாலையே இருக்கலாம். அந்தத் துணியை உலர்த்த இடமும் கொடியும் ஏற்பாடு செய்து, அறை கொடுக்கும்போதே அதைச் சொல்லிவிடும் வரவேற்பாளர், அறை வாடகையில் இல்லாத ஒன்றை அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார். தனுஷ்கோடிக்கு மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள் என்பதைக் காலையிலேயே சொல்லிவிட்டால், ஒரு குடும்பத்தின் பயணம் வீணாகாமல் தப்பும். இவற்றை அறிய ஒரு நாள் நீங்களே யாத்ரீகரைப் போல அந்த வழியெல்லாம் நடந்து பார்க்க வேண்டும்.

கெட்ட செய்தியை முதலில் சொல்பவராக இருங்கள்

தவறு நடந்தால் மறைக்காமல் உடனே சொல்வதும் மதிப்பை உண்டாக்கும் வேலைதான். ஒருவேளை இதுவே முதன்மையானது. உறைந்த சரக்கு வைக்கும் குளிர் அறை மைனஸ் 18 டிகிரியில் நிற்க வேண்டும். இரவில் வெப்பமானியின் முள் மெல்ல ஏறுவதைக் கண்ட காவலர் ஒருவர், யாரையும் எழுப்பத் தயங்கி, விடியட்டும் என்று இருந்துவிட்டால் உள்ளே இருக்கும் அத்தனையும் போய்விடும். எங்கள் கொட்டகையில் ஒருவர் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு அழைத்து, "அண்ணே, முள்ளு ஏறுது, நான் கதவத் தொறக்கல" என்றார். இரண்டாவது வாக்கியத்துக்காகவே அவரை நான் மறக்கவில்லை. என்ன நடக்கிறது என்பதையும், அது மேலும் கெடாமல் தான் என்ன செய்திருக்கிறார் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நீங்களும் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லப் பழகுங்கள்.

நேரம் கடந்து உட்கார்ந்திருப்பது, முதலாளி வரும்போது ஓடியாடுவது, அடுத்தவர் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வது ஆகியவற்றை உழைப்பென்று பலர் நம்புகிறார்கள். அவற்றால் அடுத்தவர் கைக்குப் போகும் பெட்டியில் எந்த மாற்றமும் இல்லையென்றால், உங்கள் உடம்புதான் தேய்கிறது.

கூலியைக் கேளுங்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் நேர்மையற்றதாகிவிடும். மதிப்பைக் கூட்டுங்கள் என்று புதியவர்களிடம் சொல்லி, கூடுதல் வேலையை மட்டும் வாங்கிக்கொண்டு கூலியைப் பற்றிப் பேசாதவர்கள் உண்டு. குறிப்பாகப் பெண்களிடம் இது அதிகம் நடக்கிறது. வேலை நேரம் தாண்டிய உழைப்புக்குப் பணம் தராத இடத்தில், மனப்பாங்கை மாற்றிக்கொள்வதால் எதுவும் சரியாகாது. ஆகவே அதே குறிப்பேட்டின் பின்பக்கத்தில் நீங்கள் வந்த நேரம், போன நேரம், வாங்கிய முன்பணம், கூலி ஆகியவற்றையும் எழுதிவாருங்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது நின்றுபோனபோது, ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வெளியே எறிந்தார்கள். ஊரில் பத்திரிகை விநியோகித்த தன் உறவினருக்காக அந்தக் கட்டுகளைப் பிடிக்கும் வேலையைச் செய்த சிறுவன் அப்துல் கலாம். நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். எனக்கு அதில் இரண்டு விஷயங்கள் முக்கியமாகப் படுகின்றன: சங்கிலி அறுந்த இடத்தில் அவர் போய் நின்றார்; அந்த வேலைக்குக் கூலியும் பெற்றார். அதுவே அவருடைய முதல் சம்பாத்தியம், அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அதை அவர் பெருமையோடு நினைவுகூர்ந்தார்.

ஆறு மாதம் முடிந்ததும் கணக்கோடு போய்ப் பேசுங்கள். "நன்றாக உழைக்கிறேன்" என்பது பேச்சுக்கு உதவாது. "முன்பு மேசையில் இரண்டு முறை பிரித்தோம், இப்போது ஒரு முறைதான், அதனால் வண்டி இவ்வளவு நேரம் முன்னதாகப் புறப்படுகிறது" என்று சொன்னால் கேட்பவர் காது கொடுப்பார். உங்களோடு சேர்ந்து செய்தவர்களின் பெயரையும் அப்போது சொல்லுங்கள். சேதாரத்துக்கு எழுதாத பெயர்களைப் பலனுக்குச் சொல்ல வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் நெருங்கும்போது இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அப்போது எந்த முதலாளியின் கையிலும் பணம் இருக்காது, முடிவெடுக்கும் மனமும் இருக்காது. கடல் நன்றாகக் கொடுக்கும் மாதத்தில் பேசுங்கள்.

அந்த 61 நாள்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீனோடு கொட்டகை பாதி வேலையில் இருக்கும். சிலருக்கு வேலையே இருக்காது. கையில் பணம் குறைந்த நாள்கள் என்பதால் கற்றுக்கொள்ளுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதை அறிவேன். வேறு வேலைக்குப் போக வேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். ஆனாலும் வாரத்துக்கு இரண்டு பகல் பொழுதை எடுத்துவைக்க முடிந்தால், ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள்: கணினியில் எடைக் கணக்கை ஏற்றுவது, ஐஸ் நொறுக்கும் எந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவது, ஏற்றுமதிக்கான சுகாதார விதிகள், இவற்றில் உங்களுக்கு அடுத்த படிக்கு எது தேவையோ அது. 1972இல் அமைக்கப்பட்ட கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம், தரக் காப்பு பற்றி மீனவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பயிற்சிகள் நடத்துகிறது. எப்போது, எங்கே என்று விசாரித்துவையுங்கள். உங்கள் குறிப்பேட்டை மறுபடி படித்து, நீங்கள் கண்டுபிடித்த முறைகளைச் சுத்தமாக ஒரு தாளில் எழுதி, ஜூன் மாதம் புதிதாக வரப்போகும் ஆளுக்காக வைப்பதும் இந்த நாள்களில் செய்யக்கூடியதே. உங்கள் இடத்துக்கு ஒருவரைப் பழக்கிவிட்டால்தான் உங்களை மேலே ஏற்ற முடியும். அந்த இடத்துக்கு ஆள் இல்லை என்பதற்காகவே ஒரே மேசையில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தடை முடிந்து முதல் படகுகள் திரும்பும் காலையில் எல்லோரையும்விட அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள். பெட்டிகளின் அடித்துளைகளில் ஒரு குச்சியை விட்டு அடைப்பை எடுங்கள். இரண்டு மாதம் சும்மா கிடந்த எடை எந்திரத்தின் தட்டை ஈரத்துணியால் துடைத்து, காலியாக இருக்கும்போது பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு எடை தெரிந்த படிக்கல் ஒன்றை வைத்து எண் சரியாக வருகிறதா என்று பார்த்து, கணக்கரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதற்குள் ஐஸ் வண்டி வந்திருக்கும்.